கடைசிப் பெயர்

"நான் வேணும்னு சொல்லல மேடம். சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது, நீங்களே பாருங்க" என்று வங்கி ஊழியர் கணினித் திரையை எங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

திரையில் ஒரு கட்டம். பக்கத்தில் குட்டியாக ஒரு சிவப்பு நட்சத்திரம். கீழே சிவப்பில் ஒரு வரி. என் தொழில் வெப் டிசைன். 11 வருஷமாக அதே சிவப்பு நட்சத்திரத்தை எங்கெங்கோ வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை நிரப்பாமல் நீ மேலே போக முடியாது என்று அதற்கு அர்த்தம். வைத்துவிட்டு நான் சாப்பிடப் போய்விடுவேன். அதன் முன்னால் ஒருத்தர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது என் அம்மா.

அப்பா போய் 43 நாள் ஆகியிருந்தது. அவர் பெயரில் ஒரு வைப்புத்தொகை, பெரிய பணம் ஒன்றும் இல்லை. நாமினி அம்மா. அதிலென்ன சிக்கல் வரப்போகிறது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை நினைத்தேன். திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு அந்த ஊழியர் காகிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, குரலைத் தாழ்த்தி, "இது எல்லாமே ஒரே ஆள்தானாம்மா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் திட்டுவாள். பெயரின் நடுவில் ஒரு 'ழ' வரும் என்பது மட்டும் போதும். பள்ளிச் சான்றிதழில் அவளுடைய அப்பாவின் இனிஷியல், 'மு.' ரேஷன் கார்டில் புருஷனின் இனிஷியல், 'க.' ஆதாரில் இனிஷியலே கிடையாது; ழகரத்துக்கு 'இசட் ஹெச்' போட்டிருக்கிறார்கள். பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, ழகரம் 'எல்' ஆகிவிட்டது. பான் கார்டில் இனிஷியல் ஆகாது, விரித்து எழுத வேண்டும். அதனால் அதில் மட்டும் 30 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன என் தாத்தா முழுப் பெயரோடு அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறார். ஆக மொத்தம் ஐந்து பேர்.

"எல்லாம் நான்தான் தம்பி" என்றாள் அம்மா. "வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் இந்த இனிஷியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். அப்பா பெயர் நமக்கு வருமே தவிர நம் பிள்ளைக்குப் போகாது. ஒரு தலைமுறையோடு அதன் வேலை முடிந்தது. கடைசிப் பெயர் இருந்த இடத்தில் முன்பெல்லாம் சாதிதான் இருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய நிலப் பத்திரம் இருக்கிறது. அதில் கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பின்னால் நீளமாக ஒரு வால். தாத்தா பெயரில் அது இல்லை. யார் வெட்டினார்கள், சண்டை ஏதாவது நடந்ததா, இல்லை பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் விட்டுவிட்டாரா, எதுவும் யாருக்கும் தெரியாது. எப்படியோ, அந்தக் கட்டம் காலியானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது ஒரு சிவப்பு நட்சத்திரம் வந்து, அங்கே என்ன இருந்தது சொல்லு, சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்கிறது.

இது அம்மாவோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கியவர்களுக்குத் தெரியும். நம் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து நிற்கும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்று அறிவித்தபோது, எங்கள் அலுவலகத்தில் ஒரு பையனுக்கு துபாய்ப் பயணமே ஆட்டம் கண்டது. அன்றைக்கு அவனை நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

என் கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் இனிஷியலை மாற்றவில்லை. கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள், சோம்பேறித்தனம். அதனால் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே இனிஷியல். எனக்கு அப்பா, அவளுக்குப் புருஷன், ஒரே 'க.' வீட்டுக்கு வருகிற கூரியர்காரர் ஒருத்தர் ரொம்ப நாள் எங்களை அக்கா தங்கச்சி என்றே நினைத்திருந்தார். அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம்.

சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்கு வெளியே பிரமாணப் பத்திரம் அடித்துத் தரும் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றோம். காகிதங்களை ஒரு புரட்டு புரட்டினார். "பொம்பளைங்க கேஸ்தாம்மா பாதி. இதுக்கெல்லாம் ரெடியா ஃபார்மட் வச்சிருக்கேன்" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'மு.' என்றும் 'க.' என்றும் பலவாறு குறிக்கப்படும் அனைவரும் ஒரே நபர், அந்த நபர் நானே, காலஞ்சென்ற இன்னாரின் மனைவி. முத்திரைத்தாளில் அழகாக வந்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஃபார்மட்டை வடிவமைத்தவருக்கு எங்கள் தொழிலில் யாருக்கும் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது. ஒரு பெண்ணுக்கு எத்தனை பெயர் இருக்கும் என்று அவர் எண்ணிக்கை வைக்கவில்லை. இடத்தைத் திறந்து விட்டிருந்தார்.

அம்மா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். "அய்யா, எந்தக் கையெழுத்து போடணும்?"

"எப்பவும் போடறதப் போடுங்கம்மா."

"எப்பவும்னா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. கல்யாணமான வருஷம் அப்பா அவளுக்கு ஒரு நோட்டில் 'க.' போட்டுக் கையெழுத்துப் பழகக் கொடுத்தாராம். பக்கம் பக்கமாக எழுதினாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, சிரித்தாள். "உங்கப்பா திருத்தி மார்க்கெல்லாம் போடுவாருடி" என்றாள். பிறகு 'க.' போட்டே கையெழுத்திட்டாள். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டாள்.

வேளச்சேரியிலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். மறுநாள் ஏறி உட்கார்ந்ததுமே எனக்கு எங்கள் படிவம் ஒன்று ஞாபகம் வந்து, வயிற்றைப் பிசைந்தது.

ஒரு மருத்துவமனைக்காக முன்பதிவுப் பக்கம் செய்திருந்தோம். தமிழிலும் உண்டு; எங்களுக்கு அதில் பெருமைகூட. முதல் பெயர், நட்சத்திரம். கடைசிப் பெயர், நட்சத்திரம். ஆரம்பத்தில் கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஜனங்கள் என்னென்னவோ போட்டார்கள். வெறும் புள்ளி. கோடு. 'எக்ஸ்'. பெரும்பாலும் ஒற்றை எழுத்து. நான் அதைக் குப்பை என்று நினைத்தேன். டிசைனர் என்று பெயரே தவிர சின்னக் கம்பெனி, சோதனை விதிகளையும் நானே எழுதுவேன். எழுதினேன்: குறைந்தது 2 எழுத்து, குறியீடுகள் கூடாது. புள்ளிகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு ஜனங்கள் தங்கள் பெயரையே இரண்டு தடவை அடிக்க ஆரம்பித்தார்கள். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒற்றை எழுத்துகள் எல்லாம் யாரோ ஒருத்தருடைய அப்பா என்று எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கே ஒரு 'க.' இருக்கிறது என்பதும்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பெயர்களைப் பற்றி நிரல் எழுதுகிறவர்கள் நம்புகிற தப்பான விஷயங்கள் என்று பாட்ரிக் மெக்கென்சி 2010-இல் 40 வரிப் பட்டியல் ஒன்று போட்டார். எங்கள் தொழிலில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்து, சிரித்து, நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

ஒரே கட்டம் போதும், 'முழுப் பெயர்', மனுஷன் எப்படி எழுதுகிறானோ எழுதட்டும் என்று வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் என்னைவிடச் சின்னவன், நல்ல பையன். "புரியுதுக்கா. ஆனா க்ளையண்ட்டோட பழைய சாஃப்ட்வேர்ல ரெண்டு கட்டம் இருக்கே, அது காலியா வந்தா அவங்க பக்கம் அடிவாங்கும்" என்றான். அவன் பெயரும் ஒற்றைப் பெயர்தான். அலுவலக மின்னஞ்சலில் கடைசிப் பெயராக அவன் ஊர் பெயர் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டினேன். "பழகிடுச்சுக்கா" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் என் போனைக் கொடுத்து, சும்மா ஒரு அப்பாயிண்ட்மென்ட் போட்டுப் பாரு என்றேன். சோதனைப் பக்கம், யாருக்கும் போகாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். முதல் பெயர் ஆயிற்று.

"கடைசிப் பேருன்னா என்னடி? கடைசியா வச்சிக்கிட்ட பேரா?"

"இனிஷியல் போடும்மா."

'க' என்று அடித்தாள். சிவப்பு. குறைந்தது 2 எழுத்துகள் தேவை.

அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அழித்துவிட்டு, என்ன நினைத்தாளோ, 'மு' என்று அடித்தாள். பச்சை டிக் விழுந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்தால் காரணம் எளிது. யூனிகோடில் உயிர்மெய் எழுத்துக்கெல்லாம் தனி இடம் இல்லை. 'க' என்றால் ஒரு குறி. 'மு' என்பது 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. நமக்கு இரண்டுமே ஓர் எழுத்துதான். நான் எழுதிய விதி எண்ணுவது குறிகளை. விதி எழுதும்போது ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தேன்.

அம்மாவுக்கு இதை விளக்கினேன். தமிழ் வாத்தியார் மாதிரி விரலை மடக்கி மடக்கி. கேட்டுக்கொண்டாள்.

"அதாவது எங்கப்பா ரெண்டு ஆளு, உங்கப்பா ஒரு ஆளுதான்னு சொல்லுது."

"அது சொல்லலம்மா. நான்தான் அப்படி எழுதிட்டேன்."

"நீயா?"

போனை நான் திருப்பி வாங்கப் போனேன், தரவில்லை. 'மு'வை அழித்தாள். மறுபடி 'க' அடித்தாள், மறுபடி சிவப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் ஒரு துணைக்காலைப் போட்டாள். 'கா'. பச்சை.

"எடுத்துக்கிச்சு பாரு" என்று போனை நீட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் யாரையும் கேட்காமல் அந்த விதியை எடுத்துவிட்டேன். நட்சத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.