கடலடியில் மூச்சு விடக் கற்ற ஒரு வாரம்

வெள்ளவத்தையில் குடியிருப்பவர்களுக்குக் கடல் தூரமானதல்ல. காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையால் இறங்கினாலும் முடிவில் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும்தான். நான் வேலை செய்யும் கொட்டாஞ்சேனையிலோ மாடி வீடுகளுக்கு மேலாகத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தலையை நீட்டிக் கொண்டிருக்கும். இருந்தும் எம்மில் எத்தனை பெண்கள் கடலுக்குள் இறங்கியிருக்கிறோம்? மாலையில் கரையில் நிற்போம். சேலையைச் சற்று உயர்த்திக் கால் நனைப்போம். கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டுத் திரும்பி விடுவோம்.

வடக்குக் கிழக்கிலிருந்து வந்த சகோதரிகளுக்குக் கடலை விட்டு விலகி நிற்க இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்குக் கடல் என்றால் 1990களின் முற்பகுதியில் இருட்டோடு இருட்டாகக் கடந்த கிளாலி நீரேரி. சிலருக்கு 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் காலை. இன்னும் சிலருக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராத கணவன். உளவளத்துணை வேலையில் நான் சந்தித்த தாயொருவர், கரையோரக் காணியில் தனக்குக் கிடைத்த வீட்டைக் கட்டியபோது, கடலைப் பார்க்கும் பக்கத்துக்கு யன்னல் வைக்கவே இல்லை.

அப்படிப்பட்ட கடலுக்குள் நான் ஒரு வாரம் இறங்கி ஏறிய கதை இது.

என் பள்ளித்தோழி ஒருத்தி கனடாவில் இருக்கிறாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கும் பயிற்சி பெற்றவள். இம்முறை விடுமுறையில் வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போவதென்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய முதல் எண்ணம் மாலைதீவு. அங்கே ஒரு வாரம் முழுவதும் படகிலேயே உண்டு உறங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கடலுக்குள் இறங்கும் உல்லாசப் பயணங்கள் ஏராளம். எங்கள் சம்பலுக்குச் சுவை தரும் மாசி வருவதும் அந்தக் கடலிலிருந்துதான். கட்டுநாயக்கவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியால விமானப் பயணம். ஆனால் செலவைக் கேட்டதும் நான் கையை விரித்து விட்டேன். "அப்ப எங்கட திருகோணமலைக்குப் போவம். கரையில தங்கிக்கொண்டு விடிய விடியப் படகில போகலாம்" என்றாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அம்மாவுக்குத்தான் சரியாகப் படவில்லை. "முப்பத்தாறு வயசில உனக்கு உது தேவையோ?" என்றார்.

மூச்சைப் பிடிக்கக் கூடாது

முதற்பயிற்சி கொழும்பில், ஒரு நீச்சல் தடாகத்தில். அதற்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று பல கேள்விகள். எதற்காவது 'ஆம்' என்றால் வைத்தியரின் அனுமதி வேண்டும். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. உடை பற்றித் தயங்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் இறப்பர் உடைதான் இதற்குரியது.

பயிற்றுநர் சொல்லித்தந்த முதலாவது விதி, நீருக்குள் ஒருபோதும் மூச்சைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பது. காரணம் எளிமையானது. நாம் தரையில் நிற்கும்போது எம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. நீருக்குள் 10 மீற்றர் இறங்கினால் அது இரண்டாகிறது. 20 மீற்றரில் மூன்று. 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை எடுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இருமடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து உயிர் போகலாம். ஆகவே உள்ளே எடு, வெளியே விடு, நிறுத்தாதே.

கேட்பதற்கு இலகுவாக இருக்கிறது. ஆனால் பயம் வந்தால் மூச்சைப் பிடிப்பதுதான் எமக்குப் பழக்கம். சிறுபிள்ளையாக அம்மாவின் மடியில் கிளாலியைக் கடந்தபோது, "சத்தம் போடாதை" என்று அவர் என் வாயைப் பொத்திய கையின் சூடு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பதுங்குகுழிக்குள்ளும் அப்படித்தான் இருந்தோம். ஒரு தலைமுறையே மூச்சை அடக்கி உயிர் தப்பியது. இப்போது முப்பத்தாறு வயதில், பயத்தின் நடுவில் மூச்சு விடுவதற்கு உடம்பைப் பழக்க வேண்டியிருந்தது. தடாகத்தின் அடியில் முழங்காலில் இருந்து, என் மூச்சு குமிழிகளாக மேலே போவதைக் கேட்டபடி அதைப் பழகினேன்.

புறாத்தீவும் சுவாமிமலையும்

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் திருகோணமலை. சித்திரை கழிந்து புரட்டாதி வரை அந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம்.

முதல் இரண்டு நாளும் புறாத்தீவு. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். பிரித்தானியர் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடம். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. படகின் விளிம்பில் இருந்து பின்புறமாகச் சாய்ந்து விழ வேண்டும். விழுந்ததும் மேலேயிருந்த இயந்திரச் சத்தம், பேச்சு, வெயில் எல்லாம் அற்றுப் போயின. கேட்டது என் மூச்சு மட்டும்தான்.

கீழே போகப்போக நிறங்கள் ஒவ்வொன்றாக மறையும். முதலில் போவது சிவப்பு. தோழியின் கையிலிருந்த சிவப்புப் பட்டி கொஞ்ச ஆழத்திலேயே மண்ணிறமாகி விட்டது. முருங்கைக் கற்களை, அதாவது பவளப் பாறைகளை, கிளிமீன்கள் கொறிக்கும் சத்தம் 'நறநற' என்று கேட்கிறது. ஓர் அழுங்காமை எம்மைப் பொருட்படுத்தாமல் கடந்து போனது. செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் எம்மைக் கண்டு விலகின. சுறாவுக்கு நான் பயந்ததைவிட அது எனக்கு அதிகம் பயந்தது.

மூன்றாம் நாள் கோணேசர் கோவிலின் அடிவாரத்துக்குப் போனோம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போத்துக்கீசர் அந்தக் கோவிலை இடித்துக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். ஒரு பகுதி கடலில் வீழ்ந்தது. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இங்கே சுழியோடியபோதுதான் செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. சதுரமாக வெட்டிய கற்களில் கடற்பாசி படர்ந்திருக்க, மீன்கள் உள்ளே வெளியே போய் வருகின்றன. உளி பட்ட விளிம்பு மட்டும் இன்னும் நேராக இருக்கிறது.

கிளார்க் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962இல் நோயால் அவருடைய உடல் முடங்கியது; பிற்காலத்தில் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். 2008இல் கொழும்பில் காலமானார். நடக்கச் சிரமப்பட்ட காலத்திலும் அவர் கடலுக்குள் இறங்குவதை விரும்பினார். நீருக்குள் உடலுக்குப் பாரமில்லை. காலை இழந்தவர்களும் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களும் இன்று பல நாடுகளில் இதைப் பழகுகிறார்கள். யுத்தத்தில் அவயவம் இழந்த எமது பிள்ளைகளுக்கும் இது ஒருநாள் கிட்ட வேண்டும்.

"அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்ல"

நாங்கள் தங்கிய விடுதிக்குச் சமைக்க வரும் அக்கா, எங்கள் சிலிண்டர்களைக் கண்ட நாளிலிருந்து ஏதோ கேட்க நினைப்பவர்போல இருந்தார். ஐந்தாம் நாள் மீன் வெட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். அவருடைய கணவர் சங்கு குளிப்பவர். பிறகு கடலட்டைக்கும் இறங்கியிருக்கிறார்.

"ஒரு நாளைக்கு எத்தினை சிலிண்டர் முடிப்பார் அக்கா?"

"ஐஞ்சு, ஆறு முடியும் தங்கச்சி. நல்ல காலமெண்டா அதுக்கும் மேல. அண்டைக்கு மேல வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருந்தவர். பிறகுதான் முழங்கை நோகுது எண்டார். ராவு ரெண்டு காலும் விறைச்சுப் போச்சு. சலமும் போகேல்ல. நான் எண்ணெய் தடவி விட்டன்."

விடிந்த பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இன்று அவர் வீட்டில் கதிரையில் இருந்தபடி வலை பொத்துகிறார். குடும்பத்தின் வருமானம் இந்த அக்காவின் சமையல்.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்ததை அவருக்குச் சொன்னேன். அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக்கூட அதிகம் கரையும். மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறி விடும். சட்டென்று வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரைப்பதைப்போல உடலுக்குள்ளேயே குமிழியாகும். மூட்டு நோவும் விறைப்பும் வாதமும் அதனால்தான்.

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு ஒரு கிழமையில சொல்லித் தந்தவையோ? அவர் பதினெட்டு வரியம் குளிச்சவர். அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பொழுதுபோக்குக்காக இறங்குபவருக்குக் கிடைக்கும் அறிவு, வயிற்றுப்பாட்டுக்காக இறங்குபவருக்குக் கிடைக்கவில்லை. சமூகவியலில் நான் படித்த பெரிய பாடங்களை எல்லாம் அந்த ஒரு கேள்வி சுருக்கிச் சொல்லி விட்டது.

வீட்டில் சுழியோடிகள் இருந்தால்

மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளில் வாழும் சகோதரிகள் இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

* மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படக் கூடாது. தன் மூச்சுக் குமிழியை முந்திக்கொண்டு யாரும் மேலே வரக்கூடாது.
* மேற்பரப்புக்கு வருமுன் 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடமாவது தரித்து நிற்க வேண்டும்.
* ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் போதிய ஓய்வு வேண்டும். அடுத்தடுத்து இறங்க இறங்க ஆபத்தும் கூடும்.
* மேலே வந்தபின் மூட்டு நோவு, விறைப்பு, தலைச்சுற்று, சலம் போகாமை ஏற்பட்டால் எண்ணெய் தடவிக் காத்திருக்க வேண்டாம். ஆளைப் படுக்க வைத்து உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.
* அங்கே முதலில் சொல்ல வேண்டியது: "இவர் சிலிண்டரோடு கடலில் குளித்தவர்." உடனடியாகத் தேவை ஒட்சிசன். பின்னர் விசேட அமுக்க அறையில் வைத்துச் சிகிச்சை செய்வார்கள். இலங்கைக் கடற்படையிடம் அத்தகைய அறை உண்டு.
* நோவைப் போக்குவதற்காக மறுபடியும் நீருக்குள் இறக்குவது உயிருக்கே ஆபத்து.

தனியே இறங்காதே

பயிற்சியின் இன்னொரு விதி, எவரும் தனியே இறங்கக் கூடாது என்பது. இருவர் சோடியாகப் போக வேண்டும். ஒருவருடைய காற்றுத் தீர்ந்தால் மற்றவர் தன் காற்றில் பங்கு கொடுத்து மேலே கொண்டு வர வேண்டும்.

இது எமக்குப் புதிதல்ல. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் சுழியோடி கல்லோடு இறங்க, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. கயிறு தவறினால் தாலியறுப்பது தன் சகோதரி அல்லவா?

தென்கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் குளிப்பவர்கள் பெண்களே. சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கி, சிப்பியும் கடற்பாசியும் எடுத்துக் குடும்பத்தைக் காப்பவர்கள். இன்று அவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். கூட்டமாகப் போவார்கள். மேலே வந்ததும் சீழ்க்கைபோன்ற ஒலியோடு மூச்சை விடுவார்கள். கரையில் நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து, இளையவர்களுக்குக் கடலைச் சொல்லிக் கொடுப்பார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய வாழ்முறையை மனிதகுலத்தின் மரபுரிமையாக ஏற்றுக் கொண்டது. கடலின் அறிவைக் கரையிலிருந்தபடி கைமாற்ற அவர்களால் முடியுமென்றால் எம்மாலும் முடியும்.

ஆகவே, உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், மாதர் சங்கத்தில் நீங்கள் கேட்கலாம். சுழியோடும் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி எங்கே? எங்கள் கிராமத்துக்கு ஓர் ஒட்சிசன் சிலிண்டர் எங்கே? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் புறப்படும்போது அந்த அக்கா என்னிடம் மேலேயுள்ள ஆறு விடயங்களையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி வாங்கிக் கொண்டார். அவருடைய தம்பியின் மகனுக்குப் பத்தொன்பது வயது. வருகிற பருவத்தில் கடலட்டைக்கு இறங்கப் போகிறானாம்.