அக்கா வீட்டுக் குளிரும் ஹீட் பம்ப்பும்

வீட்டைச் சூடாக்க எந்த மெஷின் நல்லது என்று காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு எழுதினால் சிரிப்பீர்கள். மார்கழிப் பனிக்கு நமக்கு ஒரு மப்ளர் போதும். ஆனால் பிரான்சில் யாராவது ஒருத்தர் இல்லாத தெரு நம்ம ஊரில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் என் அத்தான் குடும்பமும் ஒன்று. சொல்தாவாகப் போனார், பான்சியோன் வாங்கினார், பாரிஸுக்கு வடக்கே சார்செல் பக்கம் ஒரு பழைய வீட்டையும் வாங்கினார். இப்போது அத்தான் இல்லை. அக்கா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 77.

போன தை மாதம் போன் வந்தது. "தம்பி, நீ கரண்ட் ஆபீஸ்ல இருந்தவனாச்சே. கேஸ் ஷோதியேர் பழசாயிட்டுது. புதுசா அதையே போடவா, இல்ல எல்லாரும் சொல்ற ஹீட் பம்ப் போடவா?"

ஷோதியேர் என்பது பாய்லர். கேஸை எரித்துத் தண்ணீரைச் சுடவைக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே அறைக்கு அறை இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதையே திருப்பி வைத்ததுதான் இது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் தள்ளும். "வெளியே பூஜ்யம் டிகிரி, அதில் என்ன சூடு?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. மைனஸ் 273 வரை போனால்தான் சூடே இல்லை என்று அர்த்தம். பாரிஸ் குளிர் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

சூட்டை உண்டாக்காமல் சுமந்து வருவதால்தான் அதில் லாபம். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். கடுங்குளிரில் இது குறையும். அங்கே கேஸைவிட மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அப்படியும் கணக்கு ஹீட் பம்ப் பக்கம்தான் சாய்கிறது.

நம்ம ஊர்க் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். திருமலைராயன்பட்டினம் போலகத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறதல்லவா? காவிரிப் படுகைக் கேஸை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மாதிரி நிலையத்தில் 100 பங்கு கேஸ் எரித்தால் 40 பங்கு மின்சாரம் வருகிறது என்று வையுங்கள். அந்த நாற்பதை ஹீட் பம்ப்பில் விட்டால் 120 பங்கு சூடு. அதே 100 பங்கு கேஸை நல்ல பாய்லரில் நேராக எரித்தாலும் 90 சொச்சம்தான். எரித்து மின்சாரமாக்கி, கம்பியில் கொஞ்சம் இழந்த பிறகும் மிஞ்சுகிறது! பிரான்சில் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணு உலையிலிருந்து வருவதால் கேஸ் செலவே பெரும்பாலும் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, அக்காவிடம் "உடனே ஹீட் பம்ப் போடுங்கள்" என்று நான் சொல்லவில்லை.

காரணம் வீடு. அங்கே கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு விதி என்று ஒன்று வந்ததே 1974-ல்தான், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. அத்தான் வாங்கியது அதற்கு முந்தைய வீடு. காப்பில்லாத வீட்டில் கால்வாசிச் சூடு கூரை வழியாகவே போய்விடும். பாய்லர் 70 டிகிரிக்குத் தண்ணீரைக் காய்ச்சி அந்த ஓட்டையை மறைத்துவிடும். ஹீட் பம்ப்புக்கு 35, 45 டிகிரிதான் சௌகரியம். அதற்கு மேல் இழுத்தால் மூன்று மடங்கு இரண்டாகிவிடும். ஓட்டைக் குடத்துக்கு எந்த மோட்டார் வைத்தால் என்ன?

விலையும் பாய்லரைப்போலப் பல மடங்கு. 2020 முதல் 'மா பிரீம் ரெனோவ்' என்ற அரசு மானியம் உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்குக் கூடுதலாக. மானியம் என்றதும் போன் பண்ணி விற்க வருபவர்களும் உண்டு. அக்காவுக்கு ஒரே வாரத்தில் நாலு பேர். இந்த வேலைகளுக்குப் போனில் ஆள் பிடிப்பதை அங்கே 2020-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே இருக்கும் வாசகர்கள் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "அது பதினஞ்சு வருஷம் உழைக்குமாம் தம்பி. நான் உழைப்பேனா?"

கணக்கு அங்கே நின்றுவிட்டது. ஊருக்கு வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தானை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறது. சொல்லவில்லை.

முதலில் கூரைக்குக் கீழே காப்பு போடுங்கள், எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தச் சூடு முதல் நாளிலிருந்தே உங்களுக்கு. பழைய பாய்லரைச் சர்வீஸ் பண்ணி இன்னொரு குளிர்காலம் ஓட்டுங்கள் என்றேன். பங்குனியில் அந்த வேலை முடிந்தது. மறுபடி அளந்து பார்த்த மெக்கானிக், முன்பு எழுதிக் கொடுத்த 14 கிலோவாட் வேண்டாம், 8 போதும் என்று விலைப்பட்டியலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெளியே வைக்கிற மெஷின் சத்தம் போடுமா, பக்கத்து வீட்டுப் போர்த்துகீசிய அம்மாவுக்குத் தூக்கம் கெடுமா என்று நேற்று கேட்டார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனை மீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.