கூரை ஒழுக்கு

வானம் எல்லோருக்கும் ஒரே மழையைத்தான் பெய்கிறது. எனினும் அது எல்லோர் தலையிலும் ஒரே அளவாக விழுவதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை யாழ்ப்பாணத்து ஓட்டு வீடுகளில் குடியிருப்போர் இதனை அனுபவத்தில் அறிவர். பெருவீட்டு மண்டபத்தில் உறங்குபவருக்கு மழை ஓர் ஓசை மட்டுமே. அதே வீட்டின் பத்தியில் உறங்குபவருக்கோ அது விடியும்வரை சட்டி பானைகளை இடம் மாற்றி வைக்கும் வேலை.

பத்தி இன்னதென்று நம்மூர் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அதன் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். பெருவீடு கட்டி முடிந்த பின்னர், இடம் போதாமையால் அதன் சுவரோடு சார்த்தி இறக்கப்படும் கூரையே பத்தி. அதன் மேல்விளிம்பு பெருங்கூரையின் இறவாரத்துக்குக் கீழேதான் தொடங்க முடியும். கீழ்விளிம்போ மனிதர் குனியாமல் நுழையுமளவு உயர்ந்திருத்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையில் நெருக்குண்டு போவது கூரையின் சாய்வு. நான் வாடகைக்கு இருக்கும் பத்தியின் அகலம் 8 அடி. இறக்கம் 2 அடி. கணிதம் கற்பிக்கும் நண்பர் கணக்கிட்டு, சாய்வு 14 பாகை என்றார். கள்ளிக்கோட்டை ஓடு என்று நாம் வழங்கும் ஓட்டுக்கு 30 பாகையளவாவது வேண்டும் என்பது வேலையறிந்தோர் கருத்து. அச்சாய்வைக் கொடுப்பதாயின் நாலரை அடிக்கு மேல் இறக்க வேண்டும். அப்போது நாங்கள் தவழ்ந்துதான் வீட்டுக்குள் செல்ல நேரிடும்.

1865ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து பரவியது இவ்வகை ஓடு. ஒன்றோடொன்று கொளுவும் வரம்பும் பள்ளமும் அதன் சிறப்பு. நீர் விரைந்து ஓடும்வரை அந்த அமைப்பில் குறையில்லை. சாய்வு குறைந்தால் நீர் தயங்குகிறது. புழுதியும் வேப்பங் கஞ்சலும் பள்ளங்களில் தங்கி அணையாகின்றன. தேங்கிய நீரை வாடைக்காற்று மேல்நோக்கித் தள்ளி, ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடைவெளியால் உள்ளே விடுகிறது. ஆதலால் ஒரு ஓடுதானும் உடையாதிருக்கவே கூரை ஒழுகக்கூடும்.

வீட்டுக்காரர் ஆண்டுதோறும் செய்வித்த பரிகாரம் சீமெந்து. சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே இரண்டு கரண்டி பூசிவிட்டால் அவரது கடமை முடிந்துவிடும். ஆனால் வெயிலில் ஓடும் சீமெந்தும் ஒரே அளவாக விரிவதில்லை. ஓராண்டுக்குள் பூச்சு வெடித்துவிடும். அதற்கிடையில் நீர் வெளியேறும் வழியையும் அடைத்து, பனஞ்சலாகைகளை உக்கச் செய்துவிடும். ஒழுக்கு நிற்பதில்லை, இடம் மாறுகிறது.

உண்மையை எனக்கு விளக்கியவர், நாற்பது ஆண்டுகளாகக் கூரைகளில் ஏறி இறங்கிய முதியவர் ஒருவர். “வாத்தியார், சொட்டு விழுற இடத்திலை ஓட்டை தேடாதையுங்கோ. தண்ணி சலாகையைப் பிடிச்சு ஓடிவந்து எங்கையோ விழும். அது எங்கையிருந்து வருகுதெண்டு பாருங்கோ” என்றார். பின்னர் பெருங்கூரையைச் சுட்டிக் காட்டினார். “இந்தப் பத்தி சுமக்கிறது தன்ரை தண்ணியை மட்டுமில்லை. மேல்வீட்டுத் தண்ணியும் இதிலைதான் விழுகுது.”

அவர் கூறியதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். எங்கள் பத்தியின் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீற்றர்; அதன்மேல் வடியும் பெருங்கூரைப் பகுதி 33 சதுர மீற்றர். ஓரிரவில் 60 மில்லிமீற்றர் பெய்தால் பத்திக்குரிய நீர் 1,080 லீற்றர். மேலிருந்து வருவது 1,980 லீற்றர். ஆகச் சாய்வு குறைந்த கூரை, தனக்குரியதல்லாத நீரையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுமக்கிறது. அதன்பின், “பத்தி ஓடு பழுது” என்ற பழியும் அதற்கே வருகிறது.

அப்பத்தியில் நாங்கள் மூன்று குடும்பங்கள். ஒரு வீட்டில் தையல் தொழில் செய்யும் பெண். அவரிடம் தைக்க வந்த துணியில் கறை பட்டால் விலையை அவரே கொடுக்க வேண்டும். மற்றொரு வீட்டில் கடைச் சிப்பந்தியின் மகள், உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவள். தனித்தனியே சென்று முறையிட்டபோதெல்லாம் எங்களுக்குச் சீமெந்தே கிடைத்தது. இம்முறை மூவரும் சேர்ந்து சென்றோம். சீமெந்து வேண்டாம், பெருங்கூரையின் இறவாரத்தில் பீலி பொருத்தி நீரை நேரே நிலத்துக்கு இறக்குங்கள் என்றோம். வீட்டின் முகப்பழகு கெட்டுவிடும் என்றார் வீட்டுக்காரர். தையற்காரப் பெண் கறைபட்ட துணிகளை அவர்முன் விரித்தார். நீண்ட வாதத்தின்பின் அவர் இணங்கினார்.

முதியவர் நன்றாகக் காய்ந்த நாளாகப் பார்த்து ஏறினார். ஓட்டின் நடுவில் மிதிக்காமல், குறுக்கே பலகை போட்டு நடந்தார். பழைய சீமெந்தைக் கொத்தி அகற்றி, பள்ளங்களைத் துடைத்து, வெடித்த ஓடுகளை மாற்றினார். ஓட்டின் கீழே தடித்த பொலித்தீன் விரித்தார். இறுதியாகப் பீலி பொருத்தினார். இடுப்பில் ஒரு கயிறுதானும் இல்லை. தவறி விழுந்தால் அன்றைய கூலியும் இல்லை. அவரது வீட்டுத் தகரக் கூரையும் ஒழுகுகிறதாம். மாரிக்கு முந்திய வாரங்களில் ஊரெல்லாம் அவரைத் தேடுகிறது. ஆதலால் தம் கூரையை அவர் பார்ப்பது மாரி முடிந்த பின்னரே.

பீலி வந்தபின் ஒழுக்குப் பெரிதும் குறைந்தது. எனினும் சாய்வு இன்னும் 14 பாகையே. பெருங்காற்று வீசும் இரவுகளில் மூலையொன்று நனைகிறது. பத்தியை உயர்த்திக் கட்டும்வரை அது நனையத்தான் செய்யும். அக்கோரிக்கையை நாங்கள் கைவிடவில்லை.

ஆசிரியராகிய நாம் இதிலிருந்து ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கார்த்திகை மாதத்தில் கொப்பி நனைந்துவிட்டது என்று கூறும் மாணவரும், வகுப்பில் கண்ணயரும் மாணவரும் நம்மிடையே உளர். அவர்களை அக்கறையற்றவர் என்று எழுதிவிடுதல் சொட்டு விழும் இடத்தில் சீமெந்து பூசுவதற்கு ஒப்பானது. அவர்கள் எந்தக் கூரையின்கீழ் உறங்குகின்றனர், யாருடைய நீரைச் சுமக்கின்றனர் என்று கேட்பதிலிருந்தே நமது பணி தொடங்குதல் வேண்டும்.