மணாலிப் பனியும் மாமாவின் கேஜ் வீலும்

எங்கள் கீழ்பென்னாத்தூரில் பனி என்பது ஒரு மஃப்ளர் சமாசாரம். மார்கழி பிறந்துவிட்டால் டீக்கடை பெஞ்சில் இருக்கும் தலைகள் எல்லாம் பொட்டலம் கட்டினது மாதிரி இருக்கும். திருவண்ணாமலை - செஞ்சி ரோட்டில் அதிகாலை பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். எட்டு மணிக்குச் சுள்ளென்று வெயில் அடித்ததும் பனி காலி. மஃப்ளர் தோளுக்கு இறங்கிவிடும். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான்!

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனைப் பிடித்து, "பனியில கார் ஓட்ட ஃபோர் வீல் டிரைவ் வேணுமா, ஸ்பெஷல் டயர் வேணுமா?" என்று கேட்டால்?

கேட்டது என் சென்னை நண்பன். தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ஜனவரியில் நாலு பேர் மணாலி போவதாக ஏற்பாடு. அதோடு அவனுக்கு இன்னொரு கனவும் இருந்தது. ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கி, அடுத்த வருஷம் சென்னையிலிருந்தே மணாலிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். லோன் பேப்பர் ரெடி. ஏழு வருஷத் தவணை.

"மச்சி, ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டியை விட லட்சக்கணக்குல ஜாஸ்திதான். ஆனா பனியில நாலு சக்கரமும் இழுத்தாத்தான் பாதுகாப்பு. உயிர் விஷயம்டா!"

உயிர் விஷயம் என்றதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். பட்டதாரி எழுந்து உட்கார்ந்தான். உயிரைக் காட்டி விற்கிற எந்தச் சாமானையும் ரெண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஏரியிலும் கிணற்றிலும் தண்ணீர் இருந்தால் நெல், இல்லாவிட்டால் மல்லாட்டை என்று போகிற பூமி எங்களுடையது. அந்த வருஷம் நல்ல தண்ணீர். நவரை நடவுக்காக மாமாவின் கழனியில் சேற்று உழவு நடந்துகொண்டிருந்தது.

மாமாவின் பழைய டிராக்டரில் இழுப்பவை பின்சக்கரங்கள் இரண்டும்தான். ஆனாலும் முழங்கால் சேற்றில் எருமை மாதிரி அலட்சியமாகப் போய் வந்தது. காரணம், பின்சக்கரத்தோடு மாட்டியிருந்த கேஜ் வீல். அதுதான் சார், அந்த இரும்புக் கூண்டுச் சக்கரம்.

"இன்னா மாமா, இப்ப நாலு சக்கரமும் இழுக்கற டிராக்டர் வந்துடுச்சே, ஒண்ணு வாங்கறது?"

"வாங்கலாம் மாப்ளே. இழுக்கறது இஞ்சின் வேலை, புடிக்கறது சக்கரத்து வேலை. வழவழன்னு தேஞ்ச டயரைப் போட்டுக்கினு நாலையும் சுத்தவுட்டா, ரெண்டு பள்ளம் தோண்டறதுக்கு பதிலா நாலு பள்ளம் தோண்டும். அவ்ளோதான்!"

மாமா பனியைப் பார்த்ததில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் விஷயம் அதுதான் என்பது மணாலியில் புரிந்தது.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் மணாலிக்கு அப்பால் ரோதங் கணவாய் மூடிக் கிடக்கும். மேலே போக வழி கிடையாது. 2020 அக்டோபர் 3-ம் தேதி 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு கதை மாறிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடி உயரத்தில் மலையைக் குடைந்து போட்ட பாதை. நம்மைப் போல பனியை ஃபிரிட்ஜில் மட்டுமே பார்த்த ஆசாமிகள் எல்லாம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதன் பலன்? 2024 டிசம்பர் 27-ம் தேதி சோலாங் நாலாவில் பனி கொட்டியதில் சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. உள்ளே சுமார் ஐயாயிரம் பேர். குலு போலீஸ்தான் மீட்டது.

பனி கடுமையாகக் கொட்டும் நாட்களில் அங்கே ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும்தான் மேலே விடுகிறார்கள். நாங்களும் உள்ளூர் ஜீப் ஒன்றை டிரைவரோடு பேசினோம். வழியெல்லாம் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள். மாட்டிக்கொண்டு பார்த்தால் நாலு பேரும் ஒரே குடும்பத்துக் கரடிகள்.

ஏறும்போது ஜீப் அட்டகாசம்! மாவு மாதிரி கிடந்த புதுப் பனியில் கொஞ்சம்கூடத் திணறாமல் ஏறியது. "பார்த்தியா?" என்று நண்பன் என் தொடையில் தட்டினான்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. எங்கள் டிரைவர் முதல் கியரில் கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் இறக்கினார். முன்னால் வேறு மாநிலத்திலிருந்து வந்த இன்னொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. வளைவில் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினார் அதை ஓட்டியவர். வண்டி நிற்கவில்லை. குறுக்காகத் திரும்பி, சாவகாசமாக வழுக்கிக்கொண்டே போய் ஓரத்துப் பனி மேட்டில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் மேடு. இந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடி எங்களுக்குத் தெரியவில்லை.

"பிரேக் மத் மாரோ!" என்று எங்கள் டிரைவர் காற்றைப் பார்த்துக் கத்தினார். ஜீப்புக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாலு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்புவதற்கு, ஏறுவதற்கு. அதில் அது ராஜாதான். ஆனால் பிரேக்? சாதாரணக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தானே இருக்கிறது! நிற்கிற விஷயத்தில் லட்சங்கள் கொடுத்து வாங்கிய அந்த வசதி ஒரு உபகாரமும் செய்யாது. நிறுத்துவதும் திருப்புவதும் டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடியில்தான் இருக்கின்றன. இன்னொரு ஆபத்து, சுலபமாக ஏறிவிடுவதால் ரோடு வழுக்குகிறது என்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். இறங்கும்போதுதான் தெரியும்.

டயரில் அப்படி என்ன விசேஷம்? மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறீர்கள் அல்லவா? அசையாது. சாதாரண டயர் ரப்பரும் குளிரில் இப்படித்தான் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் விண்டர் டயர்தான் மேல் என்கிறார்கள். அதன் ரப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். மேலே பிளேடால் கீறினது மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். அவை பனியைக் கவ்விக்கொள்ளும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம், செஞ்சிக் கோட்டைக்கும் மூன்று மலை!

நம் ஜனங்கள் நிறைய இருக்கும் கனடாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்கு விண்டர் டயர் கட்டாயம். 'என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் சார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் விண்டர் டயர் போட்டவருக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி. ஃபோர் வீல் டிரைவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. கணக்குப் படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

சரி, வருஷத்துக்கு ஒரு தடவை பனி பார்க்கப் போகிற நமக்கு எது தேவை? என் பேலன்ஸ் ஷீட் இதோ.

நிரந்தரமாகப் பனிப் பிரதேசத்தில் வேலையா? முதலில் விண்டர் டயர். நாலு சக்கரத்துக்கும், இரண்டுக்கு மட்டும் போட்டால் பிடிக்கிற பக்கம் நிற்கும், பிடிக்காத பக்கம் சுற்றிக்கொண்டு போகும். செங்குத்தான மலை வீடு என்றால் ஃபோர் வீல் டிரைவும் சேரட்டும். இரண்டும் இருந்தால் யோகம்தான்.

இரண்டு நாள் டூரா? உங்கள் காரைக் கீழேயே நிறுத்திவிட்டு, பனியிலேயே பிறந்து வளர்ந்த டிரைவரோடு ஜீப்பை வாடகைக்கு எடுங்கள். ஒரு நாள் வாடகை எங்கே, ஏழு வருஷத் தவணை எங்கே!

வழியில் திடீர்ப் பனியில் மாட்டிக்கொண்டால் சக்கரத்தில் மாட்டும் இரும்புச் சங்கிலி உதவும். இழுக்கிற சக்கரங்களில் மாட்ட வேண்டும். நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் அது முன்சக்கரம். தார் ரோடு கண்ணுக்குத் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் போனால் ரோடு என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நண்பனின் லோன் பேப்பர் இப்போது ஆபீஸ் டிராயரில் அடியில் கிடக்கிறது. அவன் வாங்கியது ஒரே ஒரு ஜோடி டயர், தினமும் தாம்பரத்திலிருந்து ஆபீஸுக்கு ஓட்டுகிற பைக்குக்கு.

மணாலியே போகாத உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த ரோடு, தேய்ந்த டயருக்குப் பாதிப் பனி மாதிரிதான். நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து டயரின் பள்ளங்களைப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். கார் டயரில் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். நாலு சக்கரம் இழுக்கிறதா, இரண்டு இழுக்கிறதா என்பதை அப்புறம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம். முதலில் வண்டி நிற்கிறதா, பாருங்கள்!