மாட்ச் பார்க்கப் போகலாம், வாருங்கள்!

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கத்து மக்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கல்யாணமோ, கச்சேரியோ, பொருட்காட்சியோ, எதற்கு அழைத்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "திரும்பி வர வண்டி உண்டா?" என்பதுதான். நானும் அம்பத்தூர்வாசி. ஆகையால் இந்தக் கேள்வியை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

வண்டி உண்டு. பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும். பாதிக்கு 45 நிமிஷமாக இரண்டு பாதி, நடுவே கால் மணி ஓய்வு, காயம் பட்டவர்களுக்காகச் சேர்த்துக் கொடுக்கும் சில நிமிஷங்கள், எல்லாம் போக ஒன்பதரை மணிக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரல் புறநகர் நிலையத்துக்கு நடை தூரம்தான். ஆவடி வண்டியோ, திருவள்ளூர் வண்டியோ கிடைக்கும். கிளம்பும்போதே இரவு வண்டிகளின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் மனத்தில் சஞ்சலம் இல்லாமல் ஆட்டத்தைப் பார்க்கலாம்.

எந்த ஸ்டேடியம் என்று கேட்கிறீர்களா? பெரியமேட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தைத்தான் சொல்கிறேன். வயதானவர்களிடம் 'கார்ப்பரேஷன் ஸ்டேடியம்' என்று சொன்னால்தான் முகத்தில் வெளிச்சம் வரும். அவர்களுக்கு அது கிரிக்கெட் நடந்த இடம். 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் அங்கே நடந்தன. முதல் ஆட்டத்திலேயே, 1956 ஜனவரியில், வினு மன்கடும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக ஜோடி சேர்ந்து 413 ஓட்டங்கள் குவித்தார்கள். டெஸ்ட் ஆட்டத்தில் முதல் ஜோடிக்கு அதுதான் உலக சாதனை; 2008 வரை, ஐம்பத்திரண்டு வருஷம், அதை யாராலும் அசைக்க முடியவில்லை. பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போயிற்று. பெரியமேட்டில் கால் பந்தும் ஓட்டப் பந்தயமும் நிலைத்தன. 1993-ல் ஸ்டேடியம் புதுப்பிக்கப்பட்டது. அந்த வருஷமே நேரு கோப்பைக் கால் பந்துப் போட்டி சென்னையில் நடந்து, வட கொரியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பமானபோது நமக்கும் ஒரு கட்சி கிடைத்தது. அதன் பெயர் 'சென்னையின் எஃப்.சி.' முதல் தடவை இந்தப் பெயரைப் படித்தபோது, "சென்னையின் என்ன? பாதியில் நிறுத்திவிட்டார்களே!" என்று தமிழ் இலக்கணம் படித்த எனக்கு மனசு அடித்துக்கொண்டது. மீதி வாக்கியத்தை அவர்கள் மைதானத்தில் எழுதிக் காட்டினார்கள். 2015-ல் ஒரு கோப்பை, 2018 மார்ச்சில் இன்னொரு கோப்பை.

அந்த 2015-ஆம் வருஷத்தை நம் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் மாதம் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. சென்னையில் நடந்திருக்க வேண்டிய அரை இறுதி ஆட்டத்தைப் புனாவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரில் ஆட முடியாமல் போன நம் ஆட்கள் அங்கே கல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். பிறகு கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிஷங்களில் மெண்டோசா போட்ட கோலால் 3-2 என்று கோப்பையையும் வென்றார்கள். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

சரி, கிளம்புவோம். ஆவடியிலோ அம்பத்தூரிலோ புறநகர் வண்டி ஏறுங்கள். இந்த ரயில் பாதையே கால் பந்துக்கு ஒரு முன்னுரை. வில்லிவாக்கம், பெரம்பூர்ப் பக்கத்தில் 1955-ல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. பெட்டி செய்வதோடு நல்ல பந்தாட்டக்காரர்களையும் வைத்துக் காப்பாற்றிய இடம் அது. பெரம்பூரைத் தாண்டினால் வியாசர்பாடி. சந்துக்குச் சந்து பையன்கள் பந்து உதைக்கும் பேட்டை. 2018-ல் கோப்பை வென்ற கட்சியில் இருந்த தனபால் கணேஷ் இங்கே வளர்ந்தவர்தான். வண்டி அந்த நிலையத்தில் நிற்கும்போது எட்டிப் பாருங்கள். பந்தோடு ஒரு பையன் ஏறினாலும் ஏறுவான்.

பூவிருந்தவல்லிக்காரர்களுக்குப் புறநகர் ரயில் இல்லையே என்று வருத்தம் வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை உங்கள் ஊரில் புறப்பட்டு, ஸ்டேடியத்துக்குப் பக்கமாகவே வந்து சேர்கிறது. பஸ்ஸில் வரலாம், அல்லது கோயம்பேட்டில் மெட்ரோ ரயிலுக்கு மாறி சென்ட்ரலில் இறங்கலாம். சாயங்கால நெரிசலில் பஸ்ஸை நம்புவதைவிட மெட்ரோவை நம்புவது உத்தமம்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் இறங்கியதும், நீங்கள் நிற்கும் இடத்தில்தான் 1985-ல் தீப்பிடித்து எரியும் வரை மூர் மார்க்கெட் இருந்தது என்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் விக்டோரியா பொது மண்டபம், அதை அடுத்து வெள்ளை வெளேரென்று 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை. அதன் பின்புறமாக நடந்தால் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். வழி கேட்க வேண்டியதே இல்லை. நீலச் சட்டைக்காரர்கள் போகும் பக்கம் போனால் சரி. பெரியமேடு தோல் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனதுதானே! பொருத்தமான இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்.

இனி, அனுபவப்பட்டவன் சொல்லும் சில குறிப்புகள்.

ஆட்டம் அன்றைக்கு உண்டா, இங்கேதானா என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். போட்டிக் கால அட்டவணை நம் வீட்டுக் கல்யாணத் தேதி மாதிரி அல்ல; மாறும். டிக்கெட்டைக் கைபேசி வழியே முன்கூட்டி வாங்கிவிட்டால் வரிசையில் நிற்கும் பாடு மிச்சம். தண்ணீர்ப் பாட்டில், தீப்பெட்டி, பட்டாசு இவற்றை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். பெரிய பைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதமென்றால் குடையை நம்பாமல் மழைச் சட்டை எடுத்து வாருங்கள். குடையை உள்ளே விட்டாலும், பின்னால் இருப்பவர் உங்களை விட மாட்டார்!

எங்கே உட்காருவது? இது முக்கியம். மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயப் பாதை இருப்பதால் ஆட்டம் சற்றுத் தள்ளித்தான் நடக்கும். முன் வரிசை கிடைத்தது என்று மகிழ்ந்து போகாதீர்கள். கொஞ்சம் உயரத்தில், நடுக் கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால் இருபத்திரண்டு பேரும் சதுரங்கக் காய் போலத் தெரிவார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருபவர்களுக்கு அதுவே நல்ல இடம். பாட்டும் மேளமும் வேண்டுமென்றால், 'பி ஸ்டாண்டு புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ரசிகர் படையின் பக்கம் போகலாம். அங்கே உட்காரும் வழக்கம் மட்டும் கிடையாது.

வீட்டில் தொலைக்காட்சி இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு என்பீர்கள். தொலைக்காட்சியில் பந்து போகும் இடம்தான் தெரியும். ஸ்டேடியத்தில் பந்து இல்லாதவர்களையும் பார்க்கலாம். பந்து வலப் பக்கம் உருளும்போதே இடப் பக்கத்தில் ஒருவர் சத்தமில்லாமல் ஓட ஆரம்பிப்பார். மூன்று நொடி கழித்துப் பந்து அவரிடம் வந்து சேரும். கோல் விழுவதற்கு முன்பே, அது எங்கே பிறக்கிறது என்பதைக் கண்ணால் காணலாம்.

'ஆஃப்சைடு' என்ற ஒன்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் பலர். அது ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. எதிரியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரர், தம் கட்சிக்காரர் தமக்குப் பந்தை உதைக்கும் அந்த நொடியில், பந்தையும் தாண்டி, எதிரிகளில் கடைசி இருவரில் முன்னவரையும் தாண்டி நிற்கக் கூடாது. அந்த இருவரில் ஒருவர் சாதாரணமாகக் கோல் கீப்பர். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கும் முன்பே இலையில் போய் உட்கார்ந்துவிடுகிறாரே ஒருவர், அவர்தான் ஆஃப்சைடு. கொடி தூக்குபவர் பெண் வீட்டுக்காரர்!

இந்த உதாரணத்தை நான் முதலில் சொன்னது என் அத்தானிடம். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அத்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறவர். அவர் மகன், என் அக்காள் பிள்ளை, பத்தாவது படிக்கிறான். பள்ளிக்கூடக் கட்சிக்குக் கோல் கீப்பர். பரீட்சை வருகிறது, இனிமேல் பந்தைத் தொடக் கூடாது என்று அத்தான் உத்தரவு போட்டுவிட்டார். பந்து அலமாரியின் மேல் ஏறிற்று. பையன் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் வீட்டில் பேசுவதையே குறைத்துவிட்டான். அக்காள் என்னிடம் வந்து, "நீதான் ஏதாவது சொல்லேன்" என்றாள்.

நான் பீட்டர் தங்கராஜைப் பற்றிச் சொன்னேன். மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து கோல் கீப்பராக நின்றவர். 1955-லும் 1958-லும் அந்தக் கட்சி டூராண்டு கோப்பையை வென்றபோது அதில் இருந்தவர். 1956-லும் 1960-லும் ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போனவர். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். 1960 ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்ட சைமன் சுந்தரராஜைப் பற்றியும் சொன்னேன்.

அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளே, தங்கராஜுக்கு மாசம் பிறந்தால் ராணுவத்திலே சம்பளம் உண்டு. இவனுக்கு யார் கொடுப்பார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. ரயில்வேயும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்ததைச் சொன்னேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரு மாட்சுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அன்று நம் கட்சிக்கு நல்ல நாள் அல்ல. நாங்கள் உட்கார்ந்த பக்கத்துக் கோலில் பந்து ஒன்று விழுந்தது. கோல் கீப்பர் வலைக்குள் போய்ப் பந்தைத் தாமே எடுத்து, நடு மைதானத்துக்கு உதைத்துவிட்டு, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு பழையபடி நின்றார். பத்து நிமிஷத்தில் அதே மாதிரி இன்னொரு பந்து வந்தது. அதைப் பாய்ந்து பிடித்துவிட்டார். ஸ்டேடியம் முழுவதும் எழுந்து நின்றது. பையன் எழுந்திருக்கவில்லை. அவன் கைகள் மட்டும் மடியில் பந்தைப் பிடிப்பதுபோல் குவிந்திருந்தன. அத்தான் மைதானத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வண்டியில் வில்லிவாக்கம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. கொரட்டூரில், "பரீட்சை முடிகிற வரைக்கும் பந்து அலமாரி மேலேதான் இருக்கும்" என்றார். பையன் தலையை ஆட்டினான். பட்டரைவாக்கம் தாண்டியதும், "அந்தக் கையுறை என்ன விலை இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

அவர் மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதுவரை அவருக்கு மகனுடைய பந்துதான் தெரியும். அன்றைக்குத்தான் ஆட்டம் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்வதானாலும், எதை வேண்டாம் என்கிறோம் என்று பார்த்துவிட்டுச் சொல்வது நல்லதல்லவா?

ஆகையால் நேயர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. மாட்சுக்கு டிக்கெட் வாங்கும்போது ஒன்று அதிகமாக வாங்குங்கள். எந்த வீட்டிலும் பந்தை அலமாரியின் மேல் ஏற்றி வைக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அந்த டிக்கெட் அவருக்கு. நடுக் கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் உட்கார வையுங்கள். இடைவேளையில் நல்ல காப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். மற்றதை மைதானத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள்.