வீட்டுக்கு ஒரு சமையல் புத்தகம்: சில குறிப்புகள்

*

புதுக் குடித்தனம் வைக்கிறவர்களுக்குச் சமையல் புத்தகம் வாங்கித் தருவது நல்ல வழக்கம். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. சாத வகைகள், துவையல் வகைகள் என்று ஒல்லிப் புத்தகங்கள் கடை நிறைய இருக்கின்றன. அவை ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்கானவை. உலை வைப்பதில் தொடங்கி ஊறுகாய் வரை கைபிடித்துச் சொல்லித்தரும் புத்தகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

*

அப்படிக் கைபிடித்துச் சொல்லித்தரும் புத்தகமான எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வந்தது. அமெரிக்காவில் இர்மா ராம்பாவர் 1931-இல் சொந்தக் காசில் 3,000 பிரதிகள் அச்சிட்ட புத்தகம் ‘ஜாய் ஆஃப் குக்கிங்’. மராத்தி வீடுகளில் கமலாபாய் ஓகலேயின் ‘ருசிரா’வுக்கு (1970) அதே மரியாதை. எழுதிய மூவரும் வீட்டில் சமைத்த பெண்கள். முதன்முதலாக அடுப்படியில் தனியாக நிற்பவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் புத்தகங்கள் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

*

அளவு. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சமையல் குறிப்புகள் ஆழாக்கிலும் படியிலும் பேசும். எட்டு ஆழாக்கு ஒரு படி; ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. பழைய பதிப்பு கைக்கு வந்தால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்றால் எந்தக் கிண்ணத்தாலும் அளக்கலாம்.

எலுமிச்சம்பழ அளவு புளி, நெல்லிக்காய் அளவு புளி என்பதெல்லாம் நல்ல அளவுகளே. ஒரு ஸ்பூன் உப்பு என்றால் கல் உப்பா, தூள் உப்பா என்று சொல்ல வேண்டும். தூள் உப்பு இடைவெளியில்லாமல் நிறையும், கூடுதலாகக் கரிக்கும். மிளகாய்த் தூளுக்கும் ‘தேவையான அளவு’ என்று எழுதும் புத்தகம் புதியவருக்கு உதவாது.

*

பதம். ஒரு சமையல் புத்தகத்தின் தரம் இங்கேதான் தெரியும். அதிரசத்துக்கு, பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, மெத்தென்று உருட்ட வர வேண்டும். கடலை உருண்டைக்கு, அப்படி உருட்டியதைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான். ‘பத்து நிமிடம் காய்ச்சவும்’ என்ற வரி அங்கே எடுபடாது. உங்கள் அடுப்பும் பாத்திரமும் வேறு. ரசம் நுரைத்துப் பொங்கி வரும்போது இறக்கு, தளதளவென்று கொதிக்கவிடாதே. வற்றல் குழம்பில் எண்ணெய் பிரியும்வரை பொறு. கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் அடையாளம் சொல்லும் இப்படிப்பட்ட வரிகளே புதியவரைக் காப்பாற்றும்.

*

பழைய புத்தகங்கள் வெண்கலப் பானையையும் ஈயச் சொம்பையும் ஆட்டுக்கல்லையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குக்கரில் ஆவி அதிகம் போகாது, அதனால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். மிக்ஸியில் உளுந்து சூடேறிவிடும், கல்லில் ஆட்டியதுபோல் மாவு காணாது. இந்த மாற்றங்களைச் சொல்லும் புதிய பதிப்பு கிடைத்தால் அதை வாங்குவதே நல்லது.

*

‘சமைத்துப் பார்’ முழுக்கச் சைவம். மீனும் கறியும் சமைக்கும் வீட்டுக்கு அது பாதிதான். மறுபாதிக்கு இன்னொரு புத்தகம் வேண்டும். அதில் மீன் குழம்புப் பக்கத்தை முதலில் பாருங்கள். ‘மீன் அரை கிலோ’ என்று மட்டும் இருந்தால் போதாது. நெத்திலி நொடியில் வெந்துவிடும், வஞ்சிரத் துண்டுக்கு நேரமாகும். மீன் போட்ட பிறகு கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால், எழுதியவர் நிஜமாகவே மீன் குழம்பு வைத்தவர்.

*

கல்பாசியும் மராட்டி மொக்கும் செட்டிநாட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். நாஞ்சில் நாட்டுச் சமையல் தேங்காயை நம்பி நிற்கும். தமிழ்நாட்டுச் சமையல் எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் தருவதாகச் சொல்லும் புத்தகத்தில் எதுவும் ஆழமாக இருப்பதில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாடு எந்தப் பக்கத்துச் சாப்பாடோ, அதை முழுதாகச் சொல்வதை முதலில் வாங்குங்கள்.

*

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருளடக்கம் மட்டும் போதாது. கடைசியில் காய், பருப்பு, மீன் பெயர்களின் அகரவரிசை கொடுங்கள். கையில் வாழைப்பூவை வைத்துக்கொண்டிருப்பவர் பொரியல், வடை, கூட்டு என்று ஒவ்வொரு தலைப்பாகப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

*

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்கு நன்றாக வரும் ஒரு பண்டத்தின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். உங்கள் கைக்குத் தெரிந்த நுட்பம் அங்கே எழுத்தில் இருந்தால், தெரியாத பண்டங்களுக்கும் அந்தப் புத்தகத்தை நம்பலாம். இல்லையென்றால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.