விலை உயர்ந்த ஹேர் ஸ்டைலிங் கருவிகள்: வாங்கலாமா, வேண்டாமா?

தலைமுடியைச் சூட்டில் உலர்த்துவது தமிழ் வீடுகளுக்குப் புதிது அல்ல. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தணலில் சாம்பிராணி போட்டு, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, ஈரக் கூந்தலை அந்தக் கூடைமேல் பரப்பிக் காயவைப்பார்கள். தலையில் நீர் கோத்துக்கொள்ளக் கூடாதே என்பது பாட்டிமார்களின் கவலை. இன்று அந்தத் தணலின் இடத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஹேர் டிரையர், ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் என்று கடைகளில் வகைவகையாகக் கருவிகள் கிடைக்கின்றன.

ஆனால் அவற்றின் விலையைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது! 1,500 ரூபாய்க்கும் ஒரு ஸ்ட்ரெய்ட்னர் கிடைக்கிறது. அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் இன்னொரு கருவி 30,000 ரூபாய், 40,000 ரூபாய் என்று நிற்கிறது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இது இரண்டு மாதச் சம்பளமாகக்கூட இருக்கலாம். மாதத் தவணையில் வாங்கிவிடலாம் என்ற ஆசையை விளம்பரங்கள் வேறு கிளப்பிவிடுகின்றன. அத்தனை பணமும் எதற்காகப் போகிறது? அதனால் முடிக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கொஞ்சம் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து முடிதிருத்துநரான மார்செல் கிராட்டோ, அடுப்பில் சூடாக்கிய இடுக்கியால் கூந்தலில் அலை அலையாக நெளிவு வைக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். அந்த இடுக்கிக்கு வெப்பமானி எதுவும் கிடையாது. காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் கருகினால் சூடு அதிகம் என்று ஆறவிடுவார்கள். சூட்டை அளப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் சிக்கலாக அன்றே இருந்தது.

பின்னர் மின்சாரக் கருவிகள் வந்தன. 2001இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஜிஎச்டி நிறுவனம், ஸ்ட்ரெய்ட்னரை அழகு நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நிறுவனங்களில் முக்கியமானது. தூசி உறிஞ்சும் இயந்திரங்களுக்குப் பேர்போன டைசன் நிறுவனம் 2016இல் சூப்பர்சானிக் என்ற ஹேர் டிரையரை வெளியிட்டது. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 399 டாலர். 2018இல் ஏர்ராப், 2020இல் கம்பியில்லாத கொரேல் ஸ்ட்ரெய்ட்னர், 2023இல் ஈர முடியைக் காற்றாலேயே உலர்த்தி நேராக்கும் ஏர்ஸ்ட்ரெய்ட் என்று அடுத்தடுத்து வந்தன. ஹேர் டிரையருக்கு இவ்வளவு விலை கொடுப்பார்களா என்று கேட்டவர்களுக்கு, கொடுப்பார்கள் என்று சந்தை பதில் சொல்லிவிட்டது.

சூடு முடியை என்ன செய்கிறது?

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இரண்டு முக்கியமான பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. இது வலுவானது, பார்லர்களில் செய்யும் நிரந்தர நேராக்கல் போன்ற ரசாயன முறைகள் இதைத்தான் உடைக்கின்றன. இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இது தண்ணீர் பட்டாலே விட்டுப்போகும். முடி காயும்போது மறுபடி கட்டிக்கொள்ளும். எந்த வடிவத்தில் காய்கிறதோ, அந்த வடிவத்தில் முடி நிற்கும். இரவில் ஈரத்தலையோடு பின்னிப் போட்ட சடையைக் காலையில் அவிழ்த்தால் நெளிநெளியாக இருக்கிறதே, காரணம் இதுதான்.

ஸ்ட்ரெய்ட்னரும் கர்லரும் இந்த வேலையைச் சூட்டால் விரைவாகச் செய்கின்றன. அதனால்தான் அந்த அலங்காரம் அடுத்த குளியல் வரைதான் தாங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அதுவரைகூடத் தாங்காது! காற்றில் இருக்கும் ஈரமே ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைத்துவிடும். காலையில் நேராக்கிய முடி மாலைக்குள் மறுபடி சுருளத் தொடங்கினால், அது கருவியின் குற்றமல்ல.

சூடு அளவு மீறினால் கதை வேறு. ஈரம் முழுதும் போகாத முடியைச் சூடான இடுக்கியில் பிடித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள் குமிழிகள் உண்டாகும். இதற்குக் குமிழி முடி என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு. 125 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் பிடித்தாலே இது நேரலாம். அந்த இடத்தில் முடி சொரசொரப்பாகி ஒடிந்து விழும். காய்ந்த முடி இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்றாலும், 200 டிகிரியைத் தாண்டிப் போகப் போகக் கெரட்டினின் அமைப்பே சிதையத் தொடங்குகிறது. தலைக்கு வெளியே இருக்கும் முடியில் உயிருள்ள செல்கள் இல்லை. காயம்பட்ட தோலைப் போல அது தானாக ஆறாது. வெட்டிவிட்டுப் புதிதாக வளரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நன்மைகள்

முதல் நன்மை, சூட்டின் மீதுள்ள கட்டுப்பாடு. மிக மலிவான ஸ்ட்ரெய்ட்னர்களில் பலவற்றில் ஒரு பொத்தான் மட்டும்தான் இருக்கும். அது எத்தனை டிகிரி என்பதே தெரியாது. தகட்டின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுடலாம். விலை கூடிய கருவிகளில் உணரிகள் சூட்டை ஓயாமல் அளந்து கட்டுப்படுத்துகின்றன. ஜிஎச்டியின் பிளாட்டினம் பிளஸ் 185 டிகிரியிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. சூப்பர்சானிக் தன் காற்றின் வெப்பத்தை நொடிக்கு 40 முறைக்கு மேல் அளப்பதாக அதன் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். காகிதம் கருகுகிறதா என்று பார்த்த காலத்திலிருந்து இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, சிலவற்றில் சூடான தகடே கிடையாது. ஏர்ராப் கருவி, உருளையை ஒட்டி வேகமாகக் காற்றை வீசுகிறது. முடி தானாக உருளையில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. இதற்குக் கோவாண்டா விளைவு என்று பெயர். ருமேனியப் பொறியாளர் ஆன்ரி கோவாண்டாவின் பெயரால் வழங்குவது. குழாயைத் திறந்து, விழும் தண்ணீரில் கரண்டியின் முதுகுப்பக்கத்தை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் கரண்டியை ஒட்டியே வளைந்து ஓடும். அதே தத்துவம்தான். இந்தக் கருவியின் சூடு 150 டிகிரியைத் தாண்டாது.

மூன்றாவது, முறையாக உலர்த்துவதால் உண்மையிலேயே பயன் உண்டு. 2011இல் கொரியத் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிரையரை 5 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, 95 டிகிரிச் சூட்டில் உலர்த்திய முடியின் மேற்பரப்பு மோசமாகச் சேதமடைந்தது. ஆனால் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே உலர்த்தியபோது சேதம் குறைவு. தானாகக் காயவிட்ட முடியிலோ, நீண்ட நேரம் ஈரமாகவே இருந்ததால் உள் அடுக்கில் பாதிப்பு தெரிந்தது. ஆக, டிரையரே முடிக்கு எமன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆய்வில் வித்தியாசத்தை உண்டாக்கியது தூரமும் சூடும்தான். அந்தத் தூரத்தை 1,000 ரூபாய் டிரையரிலும் கடைப்பிடிக்கலாம்.

தீமைகள்

விலை உயர்ந்ததும் சூடுதான். 185 டிகிரி என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட மிக அதிகம். "பாதுகாப்பான சூடு" என்ற சொல்லைக் கேட்டு, தினமும் பயன்படுத்தலாம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. மலிவான கருவியைப் பயந்து பயந்து மாதம் ஒருமுறை எடுப்பவர், விலை உயர்ந்ததை வாங்கிய பிறகு வாரம் நான்கு நாள் எடுத்தால் முடிக்கு என்ன லாபம்?

நீளமான கூந்தல் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் நுனி ஐந்தாறு வயதானது. வாரம் இருமுறை சூடு வைத்தால் ஆண்டுக்கு நூறு முறை. ஐந்து ஆண்டில் ஐந்நூறு முறை அந்த நுனி சுடப்பட்டிருக்கும்! கழுத்தளவு முடி வைத்திருப்பவர்கள் அந்த நுனியை எப்போதோ வெட்டி எறிந்திருப்பார்கள். விளம்பரத்தில் வரும் குட்டை முடிக்கும் இங்கே பலர் வளர்க்கும் நீண்ட சடைக்கும் கணக்கு ஒன்றாக இருக்க முடியாது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. தொடர்ந்து சூடு வைத்தால் சுருள் இழந்த முடி, குளித்த பிறகும் பழைய சுருளுக்குத் திரும்பாது.

முடியில் தடவும் பொருள்களையும் மறக்கக் கூடாது. 2023இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிரீம், சீரம் தடவிய முடியைச் சூடாக்கும்போது சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மங்கள் அறைக் காற்றில் அதிகமாகக் கலப்பதைக் காட்டினார்கள். சூடு கூடினால் இதுவும் கூடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

நடைமுறைச் சிக்கல்களும் சில உண்டு. கொரேல் ஸ்ட்ரெய்ட்னர் அரைக் கிலோவுக்கும் மேல் கனம். முழு சார்ஜில் அரை மணி நேரம்தான் ஓடும். ஏர்ராப்புக்கு 1,300 வாட், சூப்பர்சானிக்குக்கு 1,600 வாட் மின்சாரம் வேண்டும். கரண்ட் போன நேரத்தில் வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரை நம்பி இவற்றைப் போட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

40,000 ரூபாய்க் கருவி ஒன்று நான்கு ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், பண்டிகை என்று ஆண்டுக்கு ஆறு முறை மட்டும் எடுப்பவருக்கு மொத்தம் 24 முறை. ஒரு தடவைக்கு 1,600 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பார்லருக்குப் போய்ச் செய்துகொள்வதே லாபம். வாரம் இருமுறை எடுப்பவருக்கு 400 முறைக்கு மேல் வரும்; ஒரு தடவைக்கு 100 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இங்கேதான் ஒரு முரண்பாடு இருக்கிறது. போட்ட பணம் கட்டுப்படியாக வேண்டுமானால் கருவியை அடிக்கடி எடுக்க வேண்டும். முடி நன்றாக இருக்க வேண்டுமானால் எப்போதாவதுதான் எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போவது ஓர் இடத்தில் மட்டும்தான். தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் எப்படியும் உலர்த்தியே ஆக வேண்டும் என்பவர்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் நல்ல டிரையருக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. தினமும் பலருடைய முடியைத் தொடும் பார்லர்காரர்களுக்கும் அது தொழில் முதலீடு.

வாங்குவதற்கு முன்

அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது பலருடைய வழக்கம். அங்கே மின்சாரம் 120 வோல்ட். இந்தியாவில் 230 வோல்ட். டைசன் டிரையரும் ஏர்ராப்பும் அந்தந்த நாட்டு வோல்ட்டுக்கென்றே செய்யப்படுபவை. பிளக்கை மாற்றினால் மட்டும் போதாது. கருவியின் மீது அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவையும், இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் போலியாக இருக்கலாம் என்ற சந்தேகமும் வேண்டும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு நடுத்தர வழியும் உண்டு. டிகிரியை எண்ணில் காட்டி, கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஸ்ட்ரெய்ட்னர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. முடி முழுதும் காய்ந்த பிறகே பிடிப்பது, மெல்லிய முடிக்கு 150 டிகிரி அளவில் தொடங்குவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால், விலை உயர்ந்த கருவி தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். எந்தக் கருவியானாலும் அணைத்த பிறகு வெகுநேரம் சுடும் என்பதால், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம்.

முடிவாக

விலை உயர்ந்த கருவி விற்பது சூட்டின் மீதான கட்டுப்பாட்டையும் வசதியையும்தான். அந்த அளவில் அது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் முடியைக் காப்பாற்றுவது எவ்வளவு சூடு, எத்தனை முறை என்ற இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்குக் கருவி பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். நேரான முடிதான் அழகு, அதுதான் இன்டர்வியூவுக்கு ஏற்றது என்று யாரோ சொன்னதற்காகச் சுருட்டை முடிக்காரப் பெண் கடன் வாங்கித் தன் கூந்தலைச் சுட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஆசைக்கு வாங்குபவர்கள் தாராளமாக வாங்கட்டும். தவணை கட்டித்தான் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், வாரத்துக்கு எத்தனை முறை அதை எடுக்கப் போகிறோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.